ஹொரைசன் வழக்கு: கணக்கைப் பார்க்க முடியாதவர்கள் கணக்குக்குப் பதில் சொன்ன கதை

பிரிட்டனில் 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட சப்-போஸ்ட்மாஸ்டர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். இவர்களில் சுமார் 700 பேர் மீது வழக்கு நடத்தியது போலீஸ் அல்ல, போஸ்ட் ஆபீஸ் நிறுவனமே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் யார் வேண்டுமானாலும் தனியாகக் குற்றவழக்கு தொடுக்கலாம் என்ற பழைய உரிமை அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆக, பணம் போனது என்று புகார் சொன்னவர், புலன்விசாரணை செய்தவர், வழக்கு நடத்தியவர் எல்லாம் ஒரே ஆள். இருந்த முக்கியமான சான்றும் ஒன்றே ஒன்றுதான்: ஹொரைசன் என்ற கணக்கு சாஃப்ட்வேர் காட்டிய குறைவு.

இதைப் பற்றி எழுதும் பலரும் 'சாஃப்ட்வேர் கோளாறால் அப்பாவிகள் சிறை சென்றார்கள்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. பிழையே இல்லாத சாஃப்ட்வேர் உலகில் எங்கும் கிடையாது. பிழை வந்தால் யார் உள்ளே போய்ப் பார்க்கலாம், யார் பணம் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் இந்த வழக்கின் உயிர் இருக்கிறது. ஹொரைசனுக்குள் பார்க்க முடிந்தவர்களுக்குப் பொறுப்பு இல்லை. பொறுப்பு சுமத்தப்பட்டவர்களுக்கு உள்ளே பார்க்க வழி இல்லை.

கவுண்ட்டருக்குப் பின்னால்

சப்-போஸ்ட்மாஸ்டர் சம்பளக்காரர் அல்ல. கிராமத்திலோ தெருமுனையிலோ கடை நடத்துபவர். கடைக்குள்ளேயே ஒரு பக்கம் தபால் கவுண்ட்டர். முதியோருக்கு ஓய்வூதியம் கொடுப்பது, ஸ்டாம்ப் விற்பது, பார்சல் வாங்குவது, பில் தொகை வசூலிப்பது எல்லாம் அங்கேதான். சேமிப்பைக் கொட்டி, கடனும் வாங்கி அந்த இடத்தை எடுத்திருப்பார். இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் பல இந்தத் தொழிலில் இருந்தன. ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: தன் கவனக்குறைவாலோ தவறாலோ வரும் இழப்பை அவரே ஈடுகட்ட வேண்டும். காகித லெட்ஜர் காலத்தில் இது பெரிய சிக்கலாகவில்லை. துண்டு விழுந்தால் சீட்டுகளைப் புரட்டி, கூட்டலைத் திரும்பப் போட்டு, எங்கே தப்பு என்று தானே கண்டுபிடிக்கலாம்.

ஹொரைசன் முதலில் இந்த வேலைக்கென்று மட்டும் பிறந்ததும் அல்ல. அரசு உதவித்தொகை வழங்குவதற்கும் தபால் கவுண்ட்டர்களுக்கும் சேர்த்து ஒரே திட்டமாக 1996-ல், ஃபுஜிட்சு என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கையில் இருந்த ஐ.சி.எல் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்திடம் ஒப்பந்தம் போனது. காலதாமதம் மேல் காலதாமதமாகி, 1999 மே மாதம் உதவித்தொகைப் பகுதியை அரசு கைகழுவியது. மிஞ்சியதைத் தபால் கணக்குக்கு வைத்துக்கொண்டு, அந்த ஆண்டே கிளைகளில் பொருத்தத் தொடங்கினார்கள்.

1998-ல், அதாவது கிளைகளுக்குப் போவதற்கு முன்பே, கவுண்ட்டர் விற்பனைப் பகுதியின் தரத்தைப் பற்றி ஐ.சி.எல்லுக்குள் ஓர் அறிக்கை எழுதப்பட்டது. அதில் ஒரு சின்ன உதாரணம் வருகிறது. ஓர் எண்ணின் கூட்டல் குறியைக் கழித்தல் குறியாக மாற்ற வேண்டும். முன்னால் ஒரு கோடு போட்டால் முடிந்தது வேலை. அந்த நிரலை எழுதியவரோ, எண்ணின் இருமடங்கைக் கண்டுபிடித்து, அதை அந்த எண்ணிலிருந்தே கழித்திருக்கிறார். விடை சரியாகத்தான் வரும். ஆனால் இதை எழுதியவருக்கு அடிப்படைக் கணக்கும் தெரியவில்லை, நிரல் எழுதும் எளிய விதியும் தெரியவில்லை என்று அறிக்கை வெளிப்படையாகவே சொன்னது. நாட்டின் ஆயிரக்கணக்கான கடைகளில் பணத்தை எண்ணப்போகும் நிரல் அது. முழுவதும் புதிதாக எழுத வேண்டும் என்ற யோசனை நிறைவேறவில்லை.

திரையில் இரட்டிப்பான தொகை

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற கிராமத்தில் ஜோ ஹாமில்ட்டன் கடை நடத்திவந்தார். ஒருநாள் கணக்கு முடிக்கும்போது 2,000 பவுண்டுக்குச் சற்று அதிகமாகக் குறைவு காட்டியது. ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டார். அவர்கள் சொன்ன பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். கண் முன்னாலேயே குறைவு இரட்டிப்பாகி 4,000-ஐத் தாண்டியது. அந்தத் தொகை முழுவதும் அவர் தலையில்தான் விழுந்தது.

பல ஆண்டுகள் கழித்து, 2015-ல், ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் கிளையில் நடந்ததைப் பார்த்தால் இப்படியொரு பிழை எப்படி வேலை செய்கிறது என்று நன்றாகப் புரியும். ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு 8,000 பவுண்ட் பணப்பை போகிறது. வாங்கிக்கொண்டவர் அதைப் பதிவுசெய்து என்ட்டர் பட்டனை அழுத்துகிறார். திரை அசையாமல் அப்படியே நிற்கிறது. பதிவாகவில்லை போலிருக்கிறது என்று திரும்ப அழுத்துகிறார். நாம் எல்லோரும் அதைத்தான் செய்வோம். ஆனால் உள்ளே ஒவ்வொரு அழுத்தமும் தனித்தனி வரவாக ஏறிவிட்டது. கையில் வந்தது 8,000, கணக்கில் ஏறியது 32,000. மீதி 24,000-க்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பிழை அன்றுதான் பிறந்தது என்றில்லை, பல ஆண்டுகளாகவே அங்கங்கே தலைகாட்டிக்கொண்டிருந்தது.

கணக்குக் காலம் முடியும்போது என்ன நடக்கும் என்பதுதான் இன்னும் கொடுமை. திரையில் வரும் வழிகள்: ரொக்கமாகக் கட்டு, காசோலையாகக் கட்டு, அல்லது மத்தியக் கணக்குக்கு மாற்று. மூன்றாவதும் கடனை ஒப்புக்கொள்வதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. 'இந்தத் தொகை தவறு, நான் ஏற்கவில்லை' என்று சொல்ல ஒரு பட்டன் இல்லை. எதையாவது தேர்ந்தெடுத்துக் கணக்கை முடிக்காவிட்டால் மறுநாள் வியாபாரம் நடத்த முடியாது. கைக்காசைப் போட்டார்கள், உறவினர்களிடம் வாங்கிப் போட்டார்கள். அதுவும் தீர்ந்தபோது, பணம் இருப்பதாகக் காட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்துதான் பொய்க்கணக்கு என்ற குற்றத்துக்கு ஆதாரமானது. ஒரு திரையில் எந்தப் பட்டன் இல்லை என்பதைத் தீர்மானிப்பதுகூட அறம் சார்ந்த முடிவுதான். இங்கே அதன் விலையைக் கொடுத்தவர்கள் அதைத் தீர்மானித்தவர்கள் அல்ல.

ஹெல்ப்லைனில் பலருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: 'உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை.' ஒருவரையொருவர் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் தனித்தனி ஊர்களில் இருந்துகொண்டு, கணக்குத் தெரியாத முட்டாள் நான்தானோ, கடையில் வேலை பார்ப்பவர் எடுக்கிறாரோ, வீட்டில் யாராவது எடுக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டார்கள். கணவன் மனைவிக்குள் சண்டை வந்தது. ஊரில் 'பாட்டிமார் பென்ஷன் பணத்தைத் திருடியவர்' என்ற பேச்சு வந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சீண்டினார்கள்.

ஹாமில்ட்டன் மீது 36,000 பவுண்ட் திருட்டு வழக்கு வந்தது. பொய்க்கணக்கை ஒப்புக்கொண்டால் திருட்டுக் குற்றச்சாட்டை விட்டுவிடுகிறோம் என்றார்கள். சிறைக்குப் பயந்து ஒப்புக்கொண்டார். வீட்டை மறு அடமானம் வைத்தார், கிராமத்துக்காரர்கள் வசூல் செய்து கொடுத்தார்கள், பெரும் கூட்டமாக நீதிமன்றத்துக்கும் வந்து நின்றார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எதுவும் தெரியாது. ஹாமில்ட்டனைத் தெரியும், அவ்வளவுதான். யார் சொல்வது உண்மை என்பதை இரண்டு பெரிய நிறுவனங்களைவிட அவர்கள் சரியாகக் கணித்திருந்தார்கள்.

கம்ப்யூட்டர் சரி என்று வைத்துக்கொள்ளும் சட்டம்

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1984-ல் வந்த காவல், குற்றச் சான்றுச் சட்டத்தின் 69-வது பிரிவின்படி, கம்ப்யூட்டர் பதிவைச் சான்றாக வைப்பவர் அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும். இது வீண் சுமை, இதை எடுத்துவிடலாம் என்று 1997-ல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 1999-ல் நாடாளுமன்றம் அதை நீக்கியது, 2000 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பழைய பொதுச்சட்ட அனுமானமே நின்றது: மாறாகச் சான்று காட்டும்வரை கம்ப்யூட்டர் சரியாகவே இயங்கியதாக நீதிமன்றம் கொள்ளும். ஹொரைசன் நாடு முழுவதும் கடைகளுக்குள் நுழைந்துகொண்டிருந்ததும் அதே மாதங்களில்தான்.

மாறாகச் சான்று காட்டுவது எப்படி? உள்விவரப் பதிவுகள் ஃபுஜிட்சுவிடம். போஸ்ட் ஆபீஸ் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு இவ்வளவு என்ற வரம்பு உண்டு, அதற்கு மேல் கேட்டால் கட்டணம். ஆகவே கேட்காமலே நடந்த வழக்குகள் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கோ, எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது.

பிரிட்லிங்டனில் கடை வைத்திருந்த லீ காசில்ட்டன் ஹெல்ப்லைனுக்கு 91 முறை போன் செய்தவர். சுமார் 25,000 பவுண்ட் கேட்டு போஸ்ட் ஆபீஸ் அவர் மீது சிவில் வழக்குப் போட்டது. வக்கீல் வைக்கப் பணமில்லாமல் அவரே வாதாடினார். 2007 ஜனவரியில் தோற்றார். செலவுத் தொகை மட்டும் 3,21,000 பவுண்ட். திவாலானார். இருபத்தைந்தாயிரத்தை வசூலிக்க எந்த வியாபாரியும் மூன்று லட்சம் செலவழிக்க மாட்டார். ஹொரைசன் மீது கேள்வி எழுப்பினால் என்ன ஆகும் என்று மற்ற சப்-போஸ்ட்மாஸ்டர்களுக்குக் காட்டுவதே நோக்கம் என்பது பின்னால் பொது விசாரணையில் வெளிவந்த ஆவணங்களில் தெரிந்தது.

ஒரு வார்த்தை இந்தியாவைப் பற்றி. இங்கே மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்கும் 65பி பிரிவு 2000-ல் சாட்சியச் சட்டத்தில் சேர்ந்தபோது, அதன் வாசகம் பெரும்பாலும் இங்கிலாந்தின் 1968 சிவில் சான்றுச் சட்டத்திலிருந்தே எடுக்கப்பட்டது. அவர்கள் சுமை என்று இறக்கிவைத்ததை நாம் இன்றும் வைத்திருக்கிறோம். சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவிலும் அது தொடர்கிறது. அந்தச் சான்றிதழைச் சடங்காக நிரப்பிக் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி நமக்கு நிறையக் குறை உண்டு. இருந்தாலும், கேள்வி கேட்க ஓர் இடமாவது இருக்கிறது.

2010 இலையுதிர்காலம்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் கோபம் வரும் பகுதி இது.

2010 ஆகஸ்டில் போஸ்ட் ஆபீஸுக்குள் ஹொரைசனைப் பற்றி ஓர் அறிக்கை தயாரானது. எல்லாம் நம்பகமாகவே இருக்கிறது என்று உறுதி சொல்வதற்காக எழுதப்பட்ட அறிக்கை. வெளியாட்களை வைத்து ஆய்வு செய்வதைப் பற்றியும் அதில் பேச்சு வருகிறது. அப்படி ஆய்வு செய்தால் அதை நீதிமன்றத்தில் வெளிப்படுத்த வேண்டியிருக்கும் என்று எச்சரிக்கிறது.

அதே சமயத்தில் புதிதாக ஒரு பிழை தெரியவந்தது. குறிப்பிட்ட வரிசையில் சில பட்டன்களை அழுத்தினால் கிளையின் திரை ஒரு தொகையையும் மையக் கணக்கு வேறொரு தொகையையும் காட்டும். சுமார் 60 கிளைகள் பாதிக்கப்பட்டிருந்தன. போஸ்ட் ஆபீஸ், ஃபுஜிட்சு ஆட்கள் கூடிப் பேசிய குறிப்பு ஒன்று பின்னால் கிடைத்தது. இது வெளியே தெரிந்தால் ஹொரைசன் மீது நம்பிக்கை போய்விடும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பாதிக்கும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். சரிசெய்யும் வழிகளில் ஒன்றாகக் கிளையின் எண்ணை இங்கிருந்தே மாற்றிவிடலாம் என்றும், ஆனால் கிளைக்குச் சொல்லாமல் அதன் தரவை மாற்றுவது அறம் சார்ந்த கேள்விகளை எழுப்பும் என்றும் குறித்திருக்கிறார்கள். அந்த அறையில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்திருந்தது.

அந்த அக்டோபரில் கில்ட்ஃபோர்ட் நீதிமன்றத்தில் சீமா மிஸ்ராவின் வழக்கு நடந்தது. சர்ரேயில் வெஸ்ட் பைஃப்லீட் கிளையை நடத்தியவர். 74,000 பவுண்ட் திருடியதாகக் குற்றச்சாட்டு. அவர் தரப்பு ஹொரைசனையே கேள்வி கேட்டது. ஃபுஜிட்சுவின் பொறியாளர் கேரத் ஜென்கின்ஸ் வழக்குத் தொடுத்த போஸ்ட் ஆபீஸ் தரப்புச் சாட்சியாக வந்து அமைப்பைப் பற்றிப் பேசினார். மேலே சொன்ன பிழை ஜூரிகளின் காதுக்கு வரவில்லை. நவம்பரில் 15 மாதச் சிறைத் தண்டனை. அன்று அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள். அவர் கர்ப்பமாக இருந்தார். இரண்டாவது மகனைக் காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டையோடுதான் பெற்றெடுத்தார். தீர்ப்பு வந்ததும் போஸ்ட் ஆபீஸின் வக்கீல் ஒருவர் சக ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஹொரைசனைக் குறைசொல்லக் கிளம்பியிருக்கும் மற்றவர்களை இது தடுக்கும் என்று அதில் நம்பிக்கை தெரிவித்திருந்தார்.

தெரிந்த பிறகும்

வடக்கு வேல்ஸில் லான்டட்னோ அருகே கடை வைத்திருந்த ஆலன் பேட்ஸ் ஆரம்பத்திலிருந்தே, எனக்குப் புரியாத குறைவுக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன் என்று நின்றவர். 2003-ல் அவருடைய ஒப்பந்தத்தை முடித்தார்கள். போட்ட முதல் போயிற்று. 2009 மே மாதம் கம்ப்யூட்டர் வீக்லி பத்திரிகை அவரையும் சேர்த்து ஏழு பேரின் கதையை வெளியிட்டது. அதே ஆண்டு ஃபென்னி காம்ப்டன் கிராமத்து மண்டபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் முதல்முறையாகக் கூடினார்கள். 'உங்களுக்கு மட்டும்தான்' என்ற பொய் அன்று உடைந்தது.

நாடாளுமன்ற உறுப்பினர்களின் அழுத்தத்தால் 2012-ல் செகண்ட் சைட் என்ற தணிக்கை நிறுவனத்தை போஸ்ட் ஆபீஸ் அமர்த்தியது. 2013 ஜூலையில் அவர்களின் இடைக்கால அறிக்கை பிழைகள் இருந்ததை வெளியில் சொன்னது. அதே மாதம் போஸ்ட் ஆபீஸுக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் சைமன் கிளார்க், ஜென்கின்ஸ் தனக்குத் தெரிந்த பிழைகளைச் சொல்லாமல் விட்டிருக்கிறார், அவருடைய நிபுணர் சாட்சியத்தை இனி நம்ப முடியாது என்று எழுத்தில் கொடுத்தார். அடுத்த மாதம் இன்னொரு குறிப்பும் எழுதினார்: பிழைகளைப் பற்றிய கூட்டக் குறிப்புகளைக் கிழித்தழிக்கச் சொல்லியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன், அது கூடாது என்று. இந்த ஆலோசனை தண்டிக்கப்பட்டவர்களின் கைக்கு வந்தது 2020 நவம்பரில். நடுவில் ஏழு ஆண்டுகள்.

வெளியிலிருந்து கிளைக் கணக்கில் கைவைக்க முடியுமா என்ற கேள்விக்கு போஸ்ட் ஆபீஸ் திரும்பத் திரும்ப 'முடியாது' என்றது. ஃபுஜிட்சுவின் முன்னாள் ஊழியர் ரிச்சர்ட் ரோல் 2015-ல் பி.பி.சி.யில் முடியும் என்றார். அந்த ஆண்டு ஜனவரியில் போஸ்ட் ஆபீஸின் தலைமை நிர்வாகி பாலா வென்னல்ஸ் நாடாளுமன்றக் குழு முன் போவதற்கு முன் அனுப்பிய மின்னஞ்சல் ஒன்று உண்டு. உண்மையான பதில் என்ன என்று கேட்டுவிட்டு, முடியாது என்பதாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன் என்று சேர்த்திருந்தார். என்ன பதில் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டால், கீழே இருப்பவர் எதைச் சொல்வார்?

555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் நீதிபதி ஃப்ரேசர் 2019-ல் இதற்கு முடிவு கட்டினார். வெளியிலிருந்து சேர்த்த பதிவுகள், ஹொரைசனின் பழைய பதிப்பில், கிளையிலேயே போட்டதுபோலக்கூடத் தெரிய முடியும் என்பது உறுதியானது. தெரிந்த பிழைகளுக்கென்று ஃபுஜிட்சு ஒரு பதிவேடு வைத்திருந்தது. அது இந்த வழக்குக்குச் சம்பந்தமற்றது என்று போஸ்ட் ஆபீஸ் தரப்பில் முதலில் வாதாடிப் பார்த்தார்கள். பிறகு அதுவே முக்கியச் சான்றானது. பாதகமான முதல் தீர்ப்பு வந்ததும், நீதிபதியே விலக வேண்டும் என்று வழக்கின் நடுவில் மனுப் போட்டார்கள். அதுவும் எடுபடவில்லை. டிசம்பரில் 5.775 கோடி பவுண்டுக்குச் சமரசம் ஆனது. வழக்குச் செலவு போக ஆளுக்குச் சுமார் 20,000 பவுண்ட்தான் மிஞ்சியது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹாமில்ட்டன், மிஸ்ரா உள்பட 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. அவர்கள் மீது வழக்குப் போட்டதே நீதியின் மனசாட்சிக்கு எதிரானது என்றது.

அப்போதும் பெரும்பாலோர் குற்றவாளிகளாகவே இருந்தார்கள். 2024 ஜனவரியில் ஐ.டி.வி. தொலைக்காட்சியில் இதைப் பற்றி ஒரு நாடகத் தொடர் வந்து நாடே கொதித்த பிறகு, மே மாதம் தனிச் சட்டம் போட்டு மொத்தமாகத் தண்டனைகளை நீக்கினார்கள். நீதிமன்றத் தீர்ப்பு, பத்திரிகைச் செய்திகள், பொது விசாரணை எல்லாம் அதற்கு முன்பே இருந்தன. அவற்றால் ஆகாததை ஒரு தொலைக்காட்சித் தொடர் செய்ததில் எனக்கு மகிழ்ச்சியைவிட அச்சமே அதிகம். நாடகமாக எடுக்க வசதியில்லாத வழக்குகள் எத்தனை?

இன்னும் முடியாதவை

போஸ்ட் ஆபீஸ் புலனாய்வாளர்கள் சந்தேக நபர்களை வகைப்படுத்தப் பயன்படுத்திய படிவம் ஒன்று 2023-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தது. 'இந்திய, பாகிஸ்தானிய வகையினர்' என்றும், கறுப்பர்களைக் குறிக்கும் காலனிக்காலத்து இழிசொல்லாலும் அதில் பிரித்திருந்தார்கள். இந்த நூற்றாண்டிலும் அது புழக்கத்தில் இருந்தது. தாங்கள் சந்தித்த அவமதிப்பைப் பற்றித் தெற்காசியக் குடும்பங்கள் சொன்னவற்றை அதற்குப் பிறகு யாரும் கற்பனை என்று தள்ள முடியவில்லை.

சர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான பொது விசாரணை 2025 ஜூலையில் அறிக்கையின் முதல் பாகத்தை வெளியிட்டது. குறைந்தது 13 பேர் இந்த விவகாரத்தால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்றும், 59 பேர் அதைப் பற்றி யோசித்ததாகச் சொன்னார்கள் என்றும் அது பதிவுசெய்தது. இழப்பீடு கோரத் தகுதியுள்ளவர்கள் சுமார் 10,000 பேர். 100 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது, இன்னும் பலர் காத்திருக்கிறார்கள். வென்னல்ஸுக்குக் கொடுத்த அரச விருதைப் பறித்தார்கள், பேட்ஸுக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். போலீஸ் விசாரணை நடக்கிறது. அறிக்கை வந்த நாள்வரை யார் மீதும் குற்றவழக்கு இல்லை. கிளைகளில் அப்போதும் ஹொரைசன்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் சரி என்ற அனுமானமும் அப்படியே இருக்கிறது. அதை மாற்றலாமா என்று 2025 ஜனவரியில் நீதித்துறை அமைச்சகம் கருத்துக் கேட்டது. எல்லாக் கம்ப்யூட்டர் பதிவையும் நிபுணர் வைத்து நிரூபிக்கச் சொன்னால் நீதிமன்றம் நின்றுவிடும் என்ற பழைய வாதம் அங்கே மறுபடி வரும். முழுக்கத் தவறான வாதமும் அல்ல அது. ஆனால் ஹொரைசன் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்டவை மூன்றே தாள்கட்டுகள்: இந்த அமைப்பில் இதுவரை தெரிந்த பிழைகளின் பட்டியல், இந்தக் கிளைக் கணக்கை வெளியிலிருந்து யார் எப்போது தொட்டார்கள் என்ற பதிவு, இதே புகாரைச் சொன்ன மற்றவர்களின் விவரம். மூன்றும் எழுதப்பட்டு, தேதி போட்டு, ஃபுஜிட்சுவிடமும் போஸ்ட் ஆபீஸிடமும் இருந்தன. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்திருந்தால், மிஸ்ராவின் ஜூரிகள் 2010-லேயே அவற்றைப் படித்திருப்பார்கள்.